அங்கே விதித்த ஆண்டுகள்

அந்த அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈரப் பாதத்தைச் சாக்கில் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"வக்கீலம்மா, அந்தக் காயப்பட்டணத்துக் கேச நீங்கதான நடத்துதீய?"

"ஆமா. நீங்க யாரு?"

"நடத்தாதீய" என்றாள். "ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். அத நடத்தாதீய."

வழக்கை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் என் படியேறியிருக்கிறார்கள். எதிர்த்தரப்புக்காரர்கள் மிரட்டவும் வந்திருக்கிறார்கள். கைகூப்பி ஒரு வழக்கை நிறுத்தச் சொன்னவர் இந்த அம்மாள் ஒருவர்தான்.

பெயர் இசக்கியம்மாள். வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமம். வள்ளியூர்ச் சந்தையில் வாழையிலை வியாபாரம். அவள் கையிலும் சேலையிலும் வாழைக்கறை படிந்திருந்தது. அவளுடைய மகன் சுடலைமுத்து, வளைகுடா நாடு ஒன்றில் சிறையில் இருந்தான். என் கட்சிக்காரர் இபுராகீம் முன்பு இருந்த அதே சிறையில்.

"எம் பிள்ளைய இங்கன அனுப்ப எல்லாம் முடிஞ்சிட்டுன்னாவ. இப்ப இந்தக் கேசு முடியட்டும்னு நிப்பாட்டி வச்சிட்டாவளாம். ஒங்க ஆளு ஜெயிச்சிட்டா அவிய இனிமே யாரையும் அனுப்ப மாட்டாவளாம்."

"யாரு சொன்னா?"

"தூதரகத்துலருந்து போன்ல சொன்னாவ. எனக்கு வெளங்கல. பக்கத்து வீட்டு டீச்சர்ட்ட போனக் குடுத்தேன். அவதான் கேட்டுச் சொன்னா."

நான் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பிறகு அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த நாட்டின் பெயரும் வேண்டாம்.

மாடிப்படியில்

முதலில் இபுராகீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காயல்பட்டினத்தில் ஆண்கள் கடல் கடந்து போவது ஒரு செய்தியே அல்ல. இபுராகீமும் மீசை முளைத்த வயதில் போனவர். ஒரு மளிகைக் கடையின் சரக்குக் கிட்டங்கியில் வேலை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊர் வருவார். மனைவி ரஹ்மத், மகள் ஜைனப். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் வந்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு வரவில்லை.

தங்கும் விடுதியில் குளியலறை ஒன்று, ஆட்கள் பலர். ஒரு காலையில் யார் முதலில் என்று தகராறு. இவருக்கும், வேறு நாட்டிலிருந்து வந்திருந்த சமையல்காரர் ஒருவருக்கும். வார்த்தை தடித்தது. இவர் தள்ளினார். அவர் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். தலையில் அடி. மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

அந்த நாட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றது. தண்டனை இருபத்தைந்து ஆண்டுகள். இறந்தவரின் குடும்பம் மன்னித்தால் குறையும் என்றார்கள். அவர்கள் மன்னிக்கவில்லை. அது அவர்களுடைய உரிமை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இபுராகீமும் பேசியதில்லை.

"தள்ளுனது நாந்தான்" என்பார். "சாவணும்னு தள்ளல. ஆனா தள்ளுனது நாந்தான்."

இதே சம்பவம் நம் ஊரில் நடந்திருந்தால் கதை வேறு. கொல்லும் எண்ணத்தோடு செய்வதையும், எண்ணமில்லாமல் செய்த ஒன்றில் உயிர் போவதையும் நம் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. இரண்டாவதற்கு அதிகபட்சம் பத்து ஆண்டுகள். பல நேரம் அதைவிடவும் குறைவு.

இபுராகீம் அங்கே ஒன்பதாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி ரஹ்மத் கேள்விப்பட்டாள்.

ஆறும் கடலும்

நான் பாளையங்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையிலேயே படித்து, சட்டத்துக்கு மட்டும் மதுரைக்குப் போய்த் திரும்பியவள். சர்வதேச ஒப்பந்தம் என்பது எனக்குப் பரீட்சைக்குப் படித்த பாடம். அதற்கு மேல் அதோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

நம் ஆற்றையே பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணி எந்த மாநில எல்லையையும் தாண்டுவதில்லை. காவிரிக்காரர்கள் போல நமக்கு நடுவர் மன்றம் தேவைப்பட்டதில்லை. எங்கள் நீதிமன்றங்களில் ஒப்பந்தம் என்றால் குத்தகை ஒப்பந்தம், கிரய ஒப்பந்தம்.

கடற்கரை வேறு மாதிரி. முத்துக் குளிக்கும் உரிமைக்காகப் போர்த்துகீசியர்களும், அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர்களும் மதுரை நாயக்கர்களோடு பேசி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடற்கரை இது. கடல் யாருக்கு, எத்தனை படகு, எந்தப் பருவம் என்று எல்லாம் அதில் இருந்திருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே குதித்தவனை யாராவது கேட்டார்களா என்றால், கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஒப்பந்தம் என்றாலே எனக்கு அந்த எண்ணம்தான் வரும். மேலே இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். கீழே யாரோ ஒருவன் மூழ்குவான்.

ரஹ்மத் முதன்முதலில் என்னிடம் வந்தபோது நான் எடுத்துப் படித்த ஒப்பந்தம் அப்படி இல்லை. தண்டிக்கப்பட்ட கைதிகளைச் சொந்த நாட்டுக்கு மாற்றுவது பற்றியது. வெளிநாட்டுச் சிறையில் இருப்பவர் மிச்சத் தண்டனையைத் தன் நாட்டுச் சிறையில் கழிக்கலாம். அதற்குத் தண்டித்த நாடு சம்மதிக்க வேண்டும். ஏற்கும் நாடு சம்மதிக்க வேண்டும். மூன்றாவதாக, கைதியும் சம்மதிக்க வேண்டும்.

அந்த மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தேன். சிறையில் இருக்கும் ஒருவனை இரண்டு அரசுகள் கேட்டுக்கொண்டு செய்கிற காரியம் அது.

ரஹ்மத் அலைந்தாள். நான் எழுதிக் கொடுத்தேன். தூதரகம், வெளியுறவு, உள்துறை, மாநில அரசு என்று காகிதம் ஊர்ந்தது. கடைசியில் ஒரு நாள் இபுராகீமைப் பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காயல்பட்டினத்தில் ரயில் ஏறினால் ரஹ்மத் ஒரு காலைப் பொழுதில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

முதல் நாள் ஜைனப்பும் வந்திருந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண். வாப்பாவுக்கு எதிரே நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டாச்சா வாப்பா?" என்று கேட்டாள். அவர் "ஆச்சும்மா" என்றார். மறுபடி அவளே, "என்ன சாப்பாடு?" என்றாள்.

எது பெரியது?

அவர் வந்து சில மாதங்கள் கழித்து நான் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டேன்.

என் வாதம் எளிமையானது. ஒரு நாட்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. ஆனால் அரசு கையெழுத்துப் போட்டதாலேயே அது இந்த நாட்டில் சட்டமாகிவிடாது. ஒரு மனிதனின் உரிமையைத் தொடுகிற எதுவும் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அப்படி நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. வெளிநாட்டுத் தண்டனை நம் சட்டத்தோடு பொருந்தாவிட்டால், இங்கே அதே குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதற்கேற்ப அதைச் சரிசெய்யலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சரிசெய்யுங்கள். பத்து ஆண்டுகள் ஆகப்போகிறது. இவரை விடுங்கள்.

மத்திய அரசின் பதில் மனு வேறு சொன்னது. இருபத்தைந்து என்பது பொருந்தாத தண்டனை இல்லை. நம் நாட்டிலும் கொலைக்கு ஆயுள் உண்டு. தண்டனையைக் குறைப்பதில்லை என்று அந்த நாட்டுக்கு வாக்குக் கொடுத்துத்தான் ஆளை வாங்கியிருக்கிறோம். இங்கே குறைத்தால் அங்கே இருக்கும் மற்ற இந்தியர்கள் வருவது பாதிக்கப்படலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை, அரசுத் தரப்பில் வழக்கமாகக் காட்டுகிற பூச்சாண்டி என்று எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் முதல் விசாரணை. மூத்த நீதிபதி கேட்டார்.

"ஒப்பந்தம் பெரியதா, நாடாளுமன்றச் சட்டம் பெரியதா என்று கேட்கிறீர்களா, அம்மா?"

"இரண்டும் அரசியல் சட்டத்துக்குக் கீழே என்கிறேன், ஐயா."

"சரி. அந்த நாட்டு நீதிபதிக்கு நம் அரசியல் சட்டம் எதற்கு? அவர் நாட்டில் அவர் தீர்ப்புச் சொன்னார். நாம் தண்டித்த ஒருவரை வேறு நாட்டுக்கு அனுப்பி, அவர்கள் விமானத்திலிருந்து இறக்கியதும் அவிழ்த்துவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருப்போமா?"

"அந்த மனிதர் இப்போது நிற்பது நம் மண்ணில், ஐயா. இங்கே நிற்பவருக்கு நம் அரசியல் சட்டம் உண்டு."

நீதிபதி தலையசைத்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த நீதிபதி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், வழக்குகளுக்குக் காத்திருந்த சக வக்கீல்கள் இருவர், "அக்கா, இது நிக்கும்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

விசாரணைச் செய்தி ஒரு நாளிதழில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் இசக்கியம்மாள் வந்தாள்.

நிறுத்தி வைத்தவை

அவளுக்குக் காப்பி வரவழைத்தேன். குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்தேன். இந்த விவகாரங்களில் எனக்கு உதவிய அதிகாரி ஒருவர் டெல்லியில் இருந்தார். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தம்மா சொல்வது உண்மை. அடுத்து வரவேண்டிய மூன்று பேரின் காகிதங்களை அந்த நாடு எடுத்து ஓரமாக வைத்திருக்கிறது. மறுத்துவிட்டதாக எழுதவில்லை. இந்த வழக்கு முடியும்வரை பார்ப்போம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

சுடலைமுத்து யாரோ கொடுத்த பையைச் சுமந்துபோய் மாட்டிக்கொண்டவன். பையில் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை என்னால் சொல்ல முடியாது. அவனுக்கும் நீண்ட தண்டனை.

"அம்மா" என்றேன் இசக்கியம்மாளிடம். "நான் அவருக்கு வக்கீல். அவரு சொன்னா நிறுத்தலாம். நீங்க சொல்லியோ, எனக்கே மனசு கேக்காமலோ நான் நிறுத்த முடியாது. அது துரோகம்."

"அப்ப அவருட்ட கேளுங்க."

"கேக்க மாட்டேன். நடந்தத மட்டும் சொல்லுவேன். வழக்கு சம்பந்தமா எது வந்தாலும் அவருட்ட சொல்லணும். அது என் கடமை."

அவள் எழுந்தாள். "சொன்னாப் போதும்" என்றாள். "எம் பிள்ள பேரு சுடலைமுத்துன்னு சொல்லுங்க. அவருக்குத் தெரியும்."

"அதான் பயமா இருக்கு"

சிறையில் வக்கீல்கள் பேசும் அறைக்கு இபுராகீமை அழைத்துவந்தார்கள். முன்பைவிடச் சதை பிடித்திருந்தார். தாடி சீராக இருந்தது. நூலகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுடலைமுத்து என்ற பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"சுடலையா? அவன் இன்னும் அங்கனயா கெடக்கான்? எனக்கு முன்னால மனு எழுதிப் போட்டவன் அவன்."

"தெரியுமா அவர?"

"நானும் அவனும் ஒரே அறை. ஒரு தடவ எனக்குக் காய்ச்சல் கண்டு வாய் உளறிட்டுக் கெடந்தேன். நெத்தியில துணிய நனைச்சுப் போட்டுப் போட்டு எடுப்பான். ஒன் மவ பேரச் சொல்லியே உளறுன, நானும் சேந்து கூப்புட்டேன்னு பெறவு சொல்லிச் சிரிப்பான்." சற்று நிறுத்தினார். "தமிழ் பேச அவனுக்கு அங்கன நான் ஒருத்தன்தான். நான் இங்க வந்துட்டேன்."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வக்கீலம்மா, நாம ஜெயிச்சிருவமா?"

"ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. நல்ல வாய்ப்பு."

"அதான் பயமா இருக்கு."

நான் அவரிடம் இரண்டு வழிகளையும் விளக்கினேன். வழக்கைத் தொடர்ந்தால், வென்றால், சில மாதங்களில் வீட்டுக்குப் போகலாம். அந்த நாடு மற்றவர்களை அனுப்பாமல் போகலாம். சில காலம் கழித்து மனம் மாறி அனுப்பவும் செய்யலாம். யாராலும் உறுதி சொல்ல முடியாது. வழக்கைக் கைவிட்டால் அவர்கள் வரக்கூடும். அதற்கும் உறுதியில்லை. இவர் உள்ளே இருப்பது மட்டும் உறுதி.

"சட்டப்படி நீங்க யாருக்கும் கடமைப்படல" என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரை ஒரு பக்கம் சாய்த்ததாக ஆகியிருக்கும்.



"நான் தள்ளுனதுல ஒருத்தன் போய்ச் சேந்துட்டான். அவன் வீட்டு வாசல்ல அவனுக்காவக் காத்துட்டு இருந்திருப்பாவ. இப்ப இன்னொருத்தன் வீட்டுக்கு வாரத நான் நின்னு மறிக்கவா?" என்றார். பிறகு, "ஆனா நான் மட்டும் முடிவு பண்ண ஏலாது. ரஹ்மத்துட்ட கேட்டுட்டு வாங்க" என்றார்.

இரண்டு பெண்கள்

ரஹ்மத் என் அலுவலகத்துக்கு வந்த அன்று இசக்கியம்மாளும் வந்துவிட்டாள். நான் வரச் சொல்லவில்லை. சந்தை நாளில்லாத கிழமைகளில் அவள் விசாரிக்க வருவது வழக்கமாகியிருந்தது.

ரஹ்மத் விஷயத்தை முழுவதும் கேட்டாள். கருப்பு அபாயாவின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க மவனுக்கு வேண்டி என் மாப்பிள உள்ள கெடக்கணும்னு சொல்லுதீங்களா?"

"ஆமா தாயி" என்றாள் இசக்கியம்மாள். "அதத்தான் கேக்க வந்தேன். வேற மாதிரி சொல்லத் தெரியல."

அந்தப் பதிலை ரஹ்மத் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அழுகையோ கெஞ்சலோ வந்திருந்தால் ரஹ்மத்துக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"எம் புள்ளைக்கி வாப்பா முகமே மறந்துபோச்சு" என்றாள் ரஹ்மத். "அவளுக்குப் பரீட்சை வந்தா நான், காய்ச்ச வந்தா நான். ஒத்தையில ஒரு பொம்பளப் புள்ளைய வளத்தேன். தெருவுல ஒரு கல்யாணம்னா நான் முன்னால போய் நிக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேப்பாங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தாயி."

"நீங்க கேக்குறது நியாயமா?"

"நியாயமில்ல."

ரஹ்மத் என் பக்கம் திரும்பிக் கணவரைப் பற்றிக் கேட்டாள். "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒங்கட்ட கேக்கச் சொன்னாங்க."

"கேக்கச் சொன்னாங்கன்னா அவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்." அவள் எழுந்தாள். "எனக்கு இஷ்டமில்ல வக்கீலம்மா. அத அப்படியே போய்ச் சொல்லுங்க. எனக்கு இஷ்டமில்ல, ஆனா மறிக்க மாட்டேன். ஊர்ல எல்லாரும் அவங்கள நல்ல மனுசன்னு சொல்லுவாங்க. எனக்கு நல்ல மனுசன் வேணாம். வீட்டுல ஒரு ஆளு வேணும்."

போய்விட்டாள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் போய்விட்டாள்.

திருத்திய மனு

ரஹ்மத் சொன்னதை ஒரு சொல் மாறாமல் இபுராகீமிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஆண்டக் கொறைக்கச் சொல்லுறத விட்டுருங்க" என்றார்.

வழக்கை முழுவதும் வாபஸ் வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தை மறுபடி வரிவரியாகப் படித்தேன். தண்டனையின் அளவு தண்டித்த நாட்டினுடையது. ஆனால் அதை நிறைவேற்றும் முறை ஏற்கும் நாட்டின் சட்டப்படி. இந்தப் பகுதியை யாரும் கவனிக்கவில்லை. மற்றக் கைதிகளுக்குக் கிடைக்கும் விடுப்பும், நன்னடத்தைக்காகத் தண்டனை நாளில் தரும் கழிவும் இவருக்கு உண்டா இல்லையா என்று அதுவரை யாருக்கும் தெளிவில்லை. விதிகள் எழுதப்பட்டபோது இப்படி ஒரு கைதி வருவார் என்று எவரும் நினைத்திருக்கவில்லை. அதிகாரிகள் தயங்கியதில் தப்புச் சொல்ல முடியாது.

மனுவைத் திருத்தினேன். ஆண்டுகளைக் குறைக்கும் கோரிக்கையைக் கைவிடுகிறோம். நம் ஊர்க் கைதிக்கு உள்ள விடுப்பும் கழிவும் இவருக்கும் வேண்டும்.

மூத்த நீதிபதி திருத்தத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முக்கியமான கோரிக்கையை ஏன் விட்டீர்கள்? நாங்கள் அதைக் கேட்கத் தயாராகத்தான் வந்தோம்."

"கட்சிக்காரரின் அறிவுறுத்தல், ஐயா."

"காரணம்?"

"அவரோடு அந்தச் சிறையில் இருந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்."

நீதிபதி எதிர்த்தரப்புப் பக்கம் திரும்பினார். அரசு வக்கீல் வயதில் இளையவர். எழுந்து, விடுப்பு, கழிவு விஷயத்தில் மத்திய அரசுக்கு ஆட்சேபணை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. தண்டனை ஆண்டுகள் பற்றிய கேள்விக்குள் போகவில்லை. இந்த மண்ணில் காவலில் இருப்பவர் இந்த மண்ணின் விதிகளுக்கு உட்பட்டவர்; அவற்றின் கடுமை அவருக்கு உண்டென்றால் சலுகையும் உண்டு. அவ்வளவுதான்.

ஒப்பந்தமா, சட்டமா என்று நான் தயாரித்துவைத்திருந்த வாதம் அப்படியே கோப்புக் கட்டுக்குள் கிடக்கிறது. நல்ல வாதம் அது. சில நாள் எடுத்துப் பார்ப்பேன்.

ஒரு நாடு தன் இறையாண்மையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பெரியவர்கள் தொலைக்காட்சியில் பேசும்போது எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பதுதான் அது என்று படிக்கும் காலத்தில் நினைத்திருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும் அதில் அடக்கம் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கான ஆண்டுகளை அரசு தருவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரு வீடு தந்தது.

காத்திருக்கும் பெஞ்சு

காகிதங்கள் மறுபடி நகர்ந்தன. மூன்று பேரில் ஒருவர், எல்லாம் கூடிவந்த நேரத்தில், அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் வேறு மாநிலத்தவர். அவருடைய வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது. மற்ற இருவரும் வந்தார்கள். சுடலைமுத்து பாளையங்கோட்டைச் சிறைக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த மழைக்காலமும் முடிந்திருந்தது.

சிறை வாசலில், பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சில், அந்த இரண்டு பெண்களையும் நான் பல முறை பார்த்தேன். ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். ரஹ்மத் என்னைப் பார்த்தால் தலையசைப்பாள்; பேச மாட்டாள். கணவரிடமும் தேவைக்குத்தான் பேசினாள் என்று ஜைனப் சொன்னாள். மகளுடைய படிப்பு, வீட்டு வரி, ஓடு மாற்றியது. அதற்கு மேல் இல்லை.

ஒரு நாள் கூட்டம் அதிகம். இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ரஹ்மத் தன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இசக்கியம்மாள் உட்கார்ந்தாள்.

ஜைனப்பின் நிக்காஹ்

போன ஆண்டு ஜைனப்புக்கு நிக்காஹ். வழிக்காவலோடு ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. சட்டை வேட்டியில் வந்த காவலர்கள் இருவர், இபுராகீமைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் அவர்களைக் கல்யாணத்துக்கு வந்தவர்களாகவே நடத்தினார்கள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுடையது. தாயிடமிருந்து மகளுக்கு வரும். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். இபுராகீமும் அப்படி ரஹ்மத்தின் வீட்டுக்கு வந்தவர்தான். அன்று அந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது, எங்கே செருப்பை விடுவது என்று ஒரு கணம் தடுமாறியதைப் பார்த்தேன்.

திரைக்கு உள்பக்கம் பெண்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் ரஹ்மத். வெளிக்கூடத்தில் ஆண்கள். பெண்ணின் பொறுப்பாளராக, வலீயாக, இபுராகீம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். துஆ ஓதினார்கள்.

கையெழுத்து வாங்கும்போது, பள்ளிவாசலில் இருந்து வந்திருந்த எழுத்தர் குனிந்தபடியே கேட்டார்.

"வலீ பேரு எழுதியாச்சு. விலாசம்?"

கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாளையங்கோட்டை..." என்று இபுராகீம் பைய ஆரம்பித்தார்.

"இந்த வீட்டு விலாசத்தப் போடச் சொல்லுங்க" என்றாள் ரஹ்மத்.

திரைக்கு அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டிருக்கும். இபுராகீம் பேனாவைக் கேட்டு வாங்கி, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பித் தானே எழுதத் தொடங்கினார். திரை இடைவெளியில் எனக்கு அவருடைய முதுகும் வலது கையும் தெரிந்தன. கை ஓர் இடத்தில் நின்றது. திரும்பாமலே, தயங்கிய குரலில் கேட்டார்.

"கதவு நம்பரெல்லாம் மாத்திட்டாங்களாமே. இப்ப என்ன நம்பர்?"

ரஹ்மத் சொன்னாள். ஒருமுறை சொன்னதும், அவருக்குக் கேட்டதோ என்று, இன்னொரு முறையும் சொன்னாள்.